நெகடிவ் கழுத்தில் இல்லாத மணி

சவரி மச்சானுக்கு,

நீ இருந்திருந்தால், பேப்பரில் இதைப் படிப்பதற்கு முன்னால் பக்கத்தில் படம் எங்கே வந்திருக்கிறது என்றுதான் தேடுவாய். படம் இருக்கிறது. நீ எடுத்ததுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள செய்தி. உன் முப்பதாம் நாள் பூசை போன சனிக்கிழமை நடந்தது. உன் தங்கச்சி ரோசி பூசை முடியும்வரை அழுதாள். நான் அழவில்லை. நீ போன அன்றும் அழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் உன் மரணச் செய்தியை நானே எழுதினேன். பெயர், வயது, தொழில், அடக்கம் நடக்கும் நேரம். ஒன்பது வரி. பிழை திருத்துகிறவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறேன், மச்சான். தொட்டால் தெரிகிறது. வலி இல்லை.

திண்டுக்கல்லில் வெயில் குறையவில்லை. உன் ஸ்டுடியோவைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். ஷட்டர் முன்னால் உன் நாய் ரோல் படுத்திருக்கிறது. ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டால் எழுந்து யார் என்று பார்க்கிறது. நான்தான் என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொள்கிறது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. உன்னிடம் இரண்டு நாட்டு நாய்கள் இருந்தன. வெள்ளைக்கு பிளாஷ் என்றும் கறுப்புக்கு நெகடிவ் என்றும் பெயர் வைத்திருந்தாய். ஒரு சனிக்கிழமை அவற்றோடு சிறுமலைக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். கண்டக்டர் படியிலேயே மறித்தார். “நாய ஏத்துனா நான் எறங்கிக்கிறேன்ணே.” நீ சிரித்தாய். “நீ எதுக்குப்பா எறங்கணும்? நாங்க நாலு பேரும் நடந்தே போயிர்றோம்.” அப்படித் தொடங்கியதுதான் நம் நடை. அதன்பின் பௌர்ணமியை ஒட்டிவரும் சனிக்கிழமைகளில் வெள்ளோட்டுப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஏறி, மேலே ஒரு வாழைத்தோட்டத்துக் கொட்டகையில் தங்கி, மறுநாள் காலையில் இறங்குவோம்.

முதல் தடவை பாதி வழியில் பெருமாள் அண்ணன் எதிரே வந்தார். மலையிலிருந்து குதிரைகளில் வாழைத்தார் இறக்குகிறவர். நாய்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏப்பு, நாயோடயா மேல போறீக?”

“ஆமண்ணே. ஏன், நாய்க்கு மலையேறத் தெரியாதா?”

“நாய்க்குத் தெரியும். காட்டுமாட்டுக்கு உங்க நாயத் தெரியாதுல்ல? சத்தமில்லாம அது மூஞ்சிக்கு முன்னால போயி நிண்டுச்சுன்னா முட்டிப்புடும். சத்தம் கேட்டா அதுவா ஒதுங்கிரும். எங்க குதிரைக்கெல்லாம் எதுக்கு மணி கட்டியிருக்கோம்னு நெனச்சீக, அழகுக்கா?”

ஒரு குதிரையின் கழுத்திலிருந்து சின்ன வெண்கல மணி ஒன்றைக் கழற்றி உன்னிடம் கொடுத்தார். பிளாஷ் உன் காலை விட்டு நகராது. முன்னால் ஓடுவது நெகடிவ்தான். அதனால் மணி அதற்கு. உன் பழைய கேமராவின் தோல்வாரில் கோத்துக் கட்டினாய். “அவளுக்கு மணி, எனக்கு நீ. ரெண்டு பேரும் மலை முடியிற வரைக்கும் ஓயமாட்டீக” என்று என்னைக் கிண்டல் செய்தாய். இரண்டு வருடம் அந்த மணிச் சத்தத்தின் பின்னால்தான் நடந்தோம். காட்டுமாட்டின் சாணத்தைப் பார்த்திருக்கிறோம். மாட்டைப் பார்த்ததில்லை.

கடைசி நடையின்போது, மறுநாள் மதியம் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு முழுப்பக்கம் எழுத வேண்டியிருந்தது. கொட்டகையில் நெகடிவ் உண்ணிக்கடியில் சொறிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சொறிக்கும் மணி அடித்தது. நீ தூங்கிவிட்டாய். நான் எழுந்துபோய் வாரின் பக்கிளைக் கழற்றி, மணி சத்தம் போடாமல் இருக்கத் துண்டில் சுற்றி, என் ஜோல்னாப் பையில் வைத்தேன். காலையில் கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

காலையில் கடுங்காப்பி குடித்தோம். நீ பனியைப் படம் எடுத்தாய். கிளம்பினோம். நான் கட்டவில்லை. மறந்துவிட்டேன் என்பதைத் தவிர இதில் சொல்ல வேறு எதுவும் இல்லை.

அரை மணி நேரம் இறங்கியிருப்போம். உண்ணிச்செடிப் புதர் வளைவுக்கு அந்தப் பக்கம் நெகடிவ் ஒரே ஒரு முறை குரைத்தது. நாம் ஓடிப்போனபோது காட்டுமாடு புதரை ஒடித்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. நெகடிவ் பாதையோரம் கிடந்தது. விலாப் பக்கம் திறந்திருந்தது. வால் இரண்டு முறை ஆடியது. பிறகு ஆடவில்லை.

நீ அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தாய். “மணி எங்க மாப்ள?”

“தெரியல மச்சான்.”

நான் சொன்னது இரண்டே வார்த்தைதான். நீ வந்த பாதையில் திரும்பி ஏறித் தேடினாய். நானும் தேடினேன். குனிந்தேன், இலைகளை விலக்கினேன், கல்லைப் புரட்டிப் பார்த்தேன். பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் நீ ஒரு பாறையில் உட்கார்ந்து சொன்னாய்: “நாந்தான் மாப்ள. பழைய வாருல கட்டுனேன். எங்கயோ அந்து விழுந்திருச்சு.”

ஒரு நெல்லி மரத்தடியில் புதைத்துக் கல் அடுக்கினோம். அடுத்த ஞாயிறு இதே பகுதியில் அதை எழுதினேன். ‘கழுத்து வார் அறுந்து மணி விழுந்ததே காரணம்’ என்று ஒரு வரி அதில் இருக்கிறது. கவுன்சிலர் ஒருவரின் இனிஷியல் மாறியதற்கெல்லாம் திருத்தம் போட்டிருக்கிறேன். இதற்குப் போட்டதில்லை.

அதற்குப் பிறகு நீ மலை ஏறவில்லை. டீக்கடையில் யார் கேட்டாலும் “என் கஞ்சத்தனத்தால ஒரு உசுரு போச்சு. புது வாரு ஒண்ணு வாங்கியிருக்கலாம்” என்பாய். பக்கத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன். எத்தனை டீ, மச்சான்?

போன வாரம் உன் டார்க் ரூம் அலமாரியைக் காலி செய்தபோது ஒரு கவர் கிடைத்தது. மேலே உன் கையெழுத்து: ‘சிறுமலை. மாப்ளகிட்ட காட்ட வேணாம்.’ உள்ளே ஒரே ஒரு பிரிண்ட். கொட்டகை வாசல், பனி. நான் டம்ளரோடு நிற்கிறேன். காலடியில் நெகடிவ். கழுத்தில் ஒன்றும் இல்லை. என் தோளில் பை. பையின் வாயிலிருந்து தோல்வாரின் நுனி, பக்கிளோடு, நான்கு விரல் நீளம் வெளியே தொங்குகிறது.

அந்த பிலிமை நீ எப்போது கழுவினாய்? பிலிமை இரண்டு நாளைக்கு மேல் நீ கழுவாமல் வைத்திருந்ததே இல்லை. அப்படியென்றால் என் கட்டுரை வருவதற்கு முன்பேயா? அந்த ஞாயிறு காலை பேப்பரைக் கையில் மடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். “நல்லா எழுதியிருக்க மாப்ள” என்றாய். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாயா, பார்க்கவில்லையா? எதையும் நினைவில் வைத்திருக்கிற எனக்கு அது மட்டும் நினைவில் இல்லை.

படத்தை ரோசியிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குங்க” என்றாள். பிறகு, “நீங்களாச் சொல்லுவீகன்னு இம்புட்டு வருசமாப் பாத்துருக்கு” என்றாள். பிரிண்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆகவே, இதே பகுதியில், தாமதமாக:

திருத்தம். நெகடிவ் என்ற நாயின் கழுத்து வார் அறுந்ததாக நான் எழுதியிருந்தேன். வார் அறவில்லை. நான் கழற்றினேன். போட்டோகிராபர் சவரிமுத்துவின் மேல் எந்தத் தவறும் இல்லை. படம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது.

மணி, வாரோடு, என் மேசையின் கடைசி டிராயரில் இத்தனை வருடமும் அதே துண்டுக்குள் இருந்தது. நேற்று எடுத்தேன். தோல் காய்ந்து நிறம் போயிருக்கிறது. இரண்டு முனைகளையும் இரண்டு கைகளாலும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். இன்னமும் அறவில்லை.

வருகிற பௌர்ணமிக்கு ரோலைக் கூட்டிக்கொண்டு நடந்தே ஏறப்போகிறேன். பிளாஷின் பேத்தி அது, இதுவரை மலையைப் பார்த்ததில்லை. ரோசியும் வருகிறேன் என்கிறாள். நெல்லி மரத்தடியில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுக் கொட்டகைக்குப் போவோம். உன் வாரில்தான் மணி கட்டுவேன். ரோல் விடிய விடியச் சொறிந்துகொண்டிருந்தாலும் கழற்ற மாட்டேன், மச்சான். முழித்திருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
மாப்ள