நெருக்கடி என்று சொல்லாமல் விட்டேன்

என் தங்கமே, ஸ்டெல்லா,

இராகலையில் மூன்று நாளாக மழை விடவில்லை. தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள். பிள்ளைக் காம்பராவில் அவர்களின் குழந்தைகள் தூங்குகிறார்கள், காவலுக்கு நான் ஒருத்திதான். நீ போனபிறகு யாரோடும் வாய்விட்டுப் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமாடி?

மழையைப் பற்றிச் சொல்ல நடந்த அந்தக் கூட்டம் ஞாபகம் இருக்கா? டவுனிலிருந்து வந்த அதிகாரி சிங்களத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். அவர் தந்த தாளில் 'காலநிலை மாற்றம்', 'காலநிலை நெருக்கடி' என்று இரண்டும் இருந்தன. நெருக்கடி என்றால் சனம் பயந்துவிடும், இயேசு பிறந்த நத்தார் பண்டிகை வரும் நேரத்தில் எதற்கு என்று மாற்றத்தை மட்டும் சொன்னேன்.

"நாம பொறந்ததுலேருந்து மழை மாறிக்கிட்டுத்தானே அக்கா இருக்கு!" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி.

அடுத்த வாரம் நத்தாருக்காக நம் வீட்டு வரிசையான லயத்தைச் சுத்தம் செய்தோம். உன் வீட்டுப் பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. வருஷா வருஷம் செய்வதுபோல் களிமண்ணைக் குழைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பும் அடித்தோம். "இப்பப் பாருங்க அக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்று கைதட்டினாய். மலை நகர்வதைத்தான் பூசி மறைக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லையே! நத்தார் கழிந்த மூன்றாம் நாள் மண் சரிந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் நீ வெளியேறியிருப்பாயா? உன்னைத் தவிர யாரிடம் இதைக் கேட்பேன்?

நேற்று மறுபடியும் கூட்டம். அதே அதிகாரி, அதே இரண்டு சொற்கள். இந்த முறை நான் விடவில்லை.

"மாற்றம்னு சொன்னா பாத்துக்கிட்டு இருந்துடுவோம். இது நெருக்கடிங்க. உலகமே சூடாகி, ஒரு மாசத்து மழை ஒரே நாள்ல கொட்டுது. செவுத்துல வெடிப்பு கண்டா பூசாதீங்க, அன்னைக்கே வெளியேறுங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மலைச்சரிவை ஒட்டிய மேல் லயத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "சரிங்க அக்கா, வெளியேறி எங்க போறது?" என்று கேட்டாள். அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை.

நாளைக் காலை பிள்ளைக் காம்பரா திறக்குமுன் அந்தக் கேள்வியோடு தோட்டத்தை நடத்தும் துரையின் ஆபீசுக்குப் போகிறேன். வேலை போய்விடுமென்று பயந்து, கூட வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. நீ இருந்தால் எனக்கு முன்னால் நடந்திருப்பாய். மேல் லயத்துச் சனத்துக்கு இடம் காட்டும்வரை தினமும் போவேன், ஸ்டெல்லா. தனியாகவே போவேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
லூர்து