வாண்டுக்கு விட்டுப்போன ஊசிகள்

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவரும் நலம். ஒருத்திக்கு இரண்டு தோளிலும் ஊசி வலி, ஒருவருக்குக் கோபம், எனக்கு ஒன்றுமில்லை. நீ நலமா என்பதைக் கடைசியில் கேட்கிறேன், இந்த முறை வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். நான் வர்ற வரைக்கும் பொறும்மா, ஆறு மாசந்தானே, அப்பாவை எதுக்குக் கஷ்டப்படுத்தறே என்றாய். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். அது சம்மதம் இல்லை. போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன், அதனால்தான் காகிதம். பொறுக்க மாட்டேன். உன் தங்கை வாண்டுக்கு முதல் ஊசிகள் போட்டாயிற்று, மீதியையும் போடுவேன். அப்பா உன்னிடம் சொல்லாத பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குச் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு துண்டறிக்கை அச்சடிக்க வந்தது. இரண்டு தெரு தள்ளித் தட்டம்மை, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு, ஒரு பெண் இன்னும் ஆஸ்பத்திரியில். சிறுவயதில் தடுப்பூசி விடுபட்டவர்கள் எந்த வயதானாலும் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். மெய்ப்புப் பார்த்தேன். ஒரு கால்புள்ளியைத் தூக்கினேன், தேதியைச் சரிபார்த்தேன், கையெழுத்துப் போட்டு இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டேன். மூன்று முறை படித்திருக்கிறேன் கண்ணா, ஒரு முறைகூட அது என் வீட்டைப் பற்றியது என்று தோன்றவில்லை. மறுநாள் வாண்டு பள்ளியிலிருந்து அதே தாளை எடுத்துவந்து மேசையில் வைத்து, அம்மா, எனக்கு எதெல்லாம் போட்டிருக்கு, மிஸ் கேக்கறாங்க என்றாள். அப்போதுதான் படித்தேன். அவளுக்குப் பிறந்த ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி. பதின்மூன்று வருடம்.

ஏன் என்று உனக்குத் தெரியும், பாதி தெரியும். உனக்கு ஒன்றரை வயதில் ஊசி போட்ட அன்று காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர், அந்தப் பழக்கம். நான்கு நிமிடம். காய்ச்சலால் வந்த வலிப்பு, பயப்படுற மாதிரி இருக்கும், ஆனா பின்னாடி ஒண்ணும் செய்யாது என்று டாக்டர் அன்றே சொன்னார். நான் கேட்டேன். அப்பாவின் காதில் அந்த நான்கு நிமிடம் மட்டும்தான் இருந்தது. இனி என் பிள்ளைங்க உடம்புல ஊசி ஏறாது என்றார். நானும் தலையாட்டினேன். எட்டரை வருடம் கழித்து வாண்டு பிறந்தபோது புதன்கிழமைதோறும் நர்ஸ் தெருவுக்கு வருவார். புதன்கிழமை காலையில் நான் குழந்தைத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக் குளியலறைக்குள் காயப்போடுவேன், வீட்டில் குழந்தை இருப்பது தெரியக் கூடாது என்று. உன்னை வாசலில் நிறுத்துவேன். பத்து வயதுப் பிள்ளை, வீட்ல யாரும் இல்லைங்க என்று அழகாகச் சொல்வாய். அப்பா அதைக் கேட்டதில்லை, டிப்போவில் இருப்பார். துணியை எடுத்தது நான். உன்னைப் பொய் சொல்ல வைத்தது நான். அவர் பயந்தார், வேலையை நான் செய்தேன்.

வியாழக்கிழமை அச்சகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவிடம் முதல் நாளே சொன்னேன், திருட்டுத்தனமாகப் போகவில்லை. என்னை மீறிப் போவியா என்றார். ஆமா என்றேன். இருபத்தைந்து வருடத்தில் அந்த ஒரு சொல்லை அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. சுகாதார நிலையத்தில் அதே நர்ஸ். முடி நரைத்துவிட்டது, கண்ணாடி தடித்துவிட்டது. என்னைப் பார்த்ததும், புதன்கிழமை வீட்டம்மாதானே, கொடியில துணி இல்லேன்னா குழந்தையே இல்லேன்னு ஆயிடுமா, உள்ள அழுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே என்றார். பழைய பதிவேட்டை எடுத்து நீட்டினார். நம் வீட்டு எண்ணுக்கு எதிரே பதினொரு முறை, வீட்டில் இல்லை, வீட்டில் இல்லை. எழுத்துப் பிழை தேடியே பழகிய கண், ஒன்றுமில்லை. எல்லாம் சரியாக எழுதப்பட்ட பொய். என் பொய், அவர் கையெழுத்தில். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர், அழுறதா இருந்தா அந்தப் பக்கம் போய் அழுங்க, வரிசை நிக்குது என்றார். அழவில்லை.

டாக்டரிடம் உன் வலிப்பைப் பற்றி எல்லாம் சொன்னேன். அண்ணனுக்கு வந்ததால் தங்கைக்குப் போடக் கூடாது என்று இல்லை, அவளைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்றார். இந்த வயதுக்கு மேல் எதற்கு என்று அப்பா கேட்டதையும் கேட்டேன். விட்டுப் போச்சுன்னா விட்டதுதான்னு இல்லம்மா, இன்னைக்கு ஆரம்பிப்போம் என்றார். கைக்கு ஒன்று. வாண்டு நர்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவ்வளவுதானா, இதுக்கா பதிமூணு வருஷம் என்றாள். அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா வெப்பமானியோடு நாற்காலியில். மாலைவரை ஏழு முறை பார்த்தார், ஒரு தாளில் நேரத்தோடு எழுதினார். லேசான சூடு, அவ்வளவுதான். ஏழாவது முறை வாண்டு, அப்பா, நான் என்ன பஸ்ஸா, வந்த நேரம் போன நேரம் எழுதறீங்க என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அவள் ஊசி அட்டையைக் காணோம். டிப்போவில் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். அடுத்ததுக்கு எப்படிப் போறேன்னு பாக்கறேன் என்றார். நான் சண்டை போடவில்லை. நேராக நர்ஸிடம் போய் வேறு அட்டை எழுதி வாங்கிவந்து மேசை மேல் அவர் கண்ணில் படும்படி வைத்தேன். எத்தனை எடுத்தாலும் அத்தனை வாங்குவேன்.

நீ வந்து பேசித் தீர்க்க இதில் ஒன்றும் இல்லை. தட்டம்மை உன் விடுமுறைக்காகக் காத்திருக்காது. அப்பாவின் பயம் எனக்குத் தெரியும், அந்த நான்கு நிமிடமும் நானும் அங்கேதான் நின்றேன். பயப்படட்டும். அதற்கு அடங்கி இன்னொரு வருடம் இருக்க மாட்டேன்.

இப்போது உன் நலம். வலிப்புக்குப் பிறகு உனக்கும் எதுவும் போடவில்லை. நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூட இல்லை. நீ அறையில் நாலு பேரோடு, ரயிலில் ஆயிரம் பேரோடு. இந்தக் கடிதத்தோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். என்றைக்குப் போட்டது, எத்தனை மணிக்குக் காய்ச்சல், எவ்வளவு நேரம் வலிப்பு, டாக்டர் சொன்னது, எல்லாம் இருக்கிறது. அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிக் கேள். எதையும் மறைக்காதே, கேட்காமலும் வராதே. இருபத்துமூன்று வயது ஆகிவிட்டது, உன்னை இழுத்துக்கொண்டு போக என்னால் முடியாது. முடிந்தால் போயிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. மறக்காதே, வருகிற பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வாண்டுக்கு அடுத்த ஊசி. அந்த நேரத்தில் எனக்குப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். அப்பாவுக்குச் செய். அன்றைக்கு விடுப்பு எடுத்திருக்கிறார், எங்களோடு வர மாட்டேன் என்கிறார். வீட்டில் தனியாக இருப்பார். நாங்கள் திரும்பி வரும்வரை அவரிடம் ஏதாவது பேசிக்கொண்டிரு.

உன் அன்பு அம்மா