ஒரு சீட்டில் ஒரு சோலி

"சோறு அடுப்படியில மூடி வச்சிருக்கேன். பசிச்சதும் சாப்பிடுங்க."

சீட்டில் இவ்வளவு எழுதியதோடு அமலி நிறுத்தியிருக்க வேண்டும். அவள் கணவர் பரமானந்தத்தின் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், ஒரு சீட்டில் ஒரே ஒரு சோலிதான் எழுத வேண்டும், இரண்டு எழுதினால் அவர் மனதில் இரண்டுமே நிற்காது என்று சொல்லியிருந்தார்.

ஆனால் நேற்று, கவுஞ்சியிலிருந்து வந்த அவள் அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே பரமானந்தம் எழுந்துபோய் டிரான்சிஸ்டரைத் திருக, "வந்தவங்க மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டீங்களா?" என்று அவள் சீறிவிட்டாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, அண்ணனின் முகத்தையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்: "நேத்து நான் பேசுனது தப்புங்க. அண்ணன் மறுபடி வந்தா ஒண்ணும் பேச வேண்டாம். கூட உக்காந்திருங்க, போதும்."

படித்துப் பார்த்தாள். இதில் சோறு மறந்துபோகும். அடிப்பாதியைக் கிழித்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டாள். சோற்றுச் சீட்டை மட்டும் பானை மூடிமேல் வைத்துவிட்டு, ஹாஸ்டல் வேலைக்கு வெரசாக நடந்தாள்.

ஸ்வெட்டர் பையில் இதேபோல் கிழித்த துண்டுகள் ஏற்கெனவே கிடந்தன.