ஜெனியின் பால் பல்

ஒரகடம், ஜூன் 12, இரவு

பக்கத்து அறை மேரி அக்கா நைட் ஷிஃப்டுக்குப் போனால் அவர் மகள், ஒன்றரை வயது ஜெனி, என்னிடம்தான். சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியேதான் தூங்குவாள். முன்பற்கள் பழுப்பாகிவிட்டன.

ராத்திரி பாட்டிலில் தண்ணீர் மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் எல்லாப் பல்லும் சொத்தையாகும் என்று இன்று நானும் அக்காவும் ஜெனியைக் காட்டப் போனபோது பல் டாக்டர் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா சிரித்தார். "பால் பல்லுதானே, எப்டியும் வுழுந்துடும். படிச்சவ நீ, ரொம்பதான் பயப்புடுற."

அக்கா ஷிஃப்டுக்குப் போனதும் ராத்திரி தண்ணீரைத்தான் ஊற்றினேன். ஜெனி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அழுகை நிற்கவேயில்லை.

"காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கீது, கொழந்தைய தூங்க வைம்மா," என்றது எதிர் அறை.

பாலையே ஊற்றினேன். தூங்கிவிட்டாள். பாட்டிலை மெல்ல இழுத்தால் தூக்கத்திலும் கடித்துப் பிடிக்கிறாள், அந்தப் பற்களால்தான்.