அஸ்கத்துக்கு ஞானஸ்நானம் இல்லை

என் மருமகளே,

நேற்று கரகண்டா நகரத்து மாதா கோவிலுக்குப் போய் உன் சாமியாரிடம் சாட்சி சொல்லிவிட்டேன். டீ கொடுத்தார். பால் விடத்தான் தெரியவில்லை.

நீங்கள் கோர்ட்டில் பிரிந்தது போதாதாம். என் மகன் ஞானஸ்நானம் பெறாதவன் என்று உறுதியானால்தான் ரோம் அந்தக் கல்யாணத்தைக் கலைக்குமாம், நீ கோவிலில் மறுமணம் செய்யலாமாம். “சின்ன வயசுல உங்களுக்குத் தெரியாம யாராவது தலையில தண்ணி ஊத்தியிருப்பாங்களோ?” என்று கேட்டார். “அவனைக் குளிப்பாட்டவே நாலு பேர் பிடிக்கணும் சாமி. எனக்குத் தெரியாம எவளால ஊத்த முடியும்?” என்றேன். சிரித்துவிட்டார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே அஸ்கத் வாசலில் மறித்தான். “சந்தேகமா இருக்குன்னு மட்டும் சொல்லும்மா. அவளால வேற கல்யாணம் பண்ண முடியாது.” எனக்கும் அந்த ஆசை இல்லாமலா? பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி கோவில்களை மூடி வைத்திருந்த அந்தக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ரகசியமாக ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியவள்தான். சொன்னால் நம்புவார்கள்.

“நீ குடிச்சு அழிஞ்சதுக்கு அவ எதுக்குடா ஒண்டியா கிடக்கணும்?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

சாமியார் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உன்னை விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

உன் கல்யாண விருந்தில் மிஞ்சியதை நம் கசாக் வழக்கப்படி வீட்டுப் பெரியவளுக்கென்று ஒரு பையில் கட்டி எடுத்து வா. புது மாமியாருக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்காது. அவளுக்குச் சொல்லியும் கொடுக்காதே, அது என் பங்கு.

ரோம் என்ன எழுதினாலும்,
உன் மாமியார்