வீடு பூட்டியிருக்கிறது என்று சொன்னேன்

அத்தை,

அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். டெட்டால் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. சாயங்காலம் அண்ணன், உங்கள் மகன், எங்கள் வீட்டுக்கு வந்து, டிக்கெட் விஷயமாக மெட்ராஸ் ஏஜெண்டுக்கு ஒரு போன் பேசிவிட்டுப் போனார். அவர் படியிறங்கியதும் அம்மா பழைய துணியில் டெட்டாலைத் தொட்டு ரிசீவரைத் துடைத்தார். அண்ணன் மேல் மீன் வாசனை ஒன்றும் இல்லை. சென்ட் வாசனைதான் அடித்தது. உங்கள் வீட்டு ஆள் தொட்டதும் அம்மாவின் கை தானாகவே அந்தத் துணியைத் தேடிப் போய்விட்டது.

அப்பா எழுந்தால் விளக்கு எதற்கு என்று கேட்பார். சயின்ஸ் ரெக்கார்டு நோட்டின் கடைசித் தாள்களில்தான் எழுதுகிறேன். படம் வரைகிறேன் என்று சொல்லிவிடலாம். பாருங்கள், இதற்கும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறேன்.

அண்ணன் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். அதற்குள் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது. அதனால் முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

கும்பகோணத்தில் எத்தனையோ தெருக்கள் இருந்தாலும் நம் தெருவை உங்களைப் போல அறிந்தவர்கள் யாரும் இல்லை. எங்களுக்கெல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. உங்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மீன் இருந்தது. வெற்றிலை மண்டி பாய் வீட்டுக்கு வஞ்சிரம். பித்தளைப் பாத்திரப் பட்டறைக்காரர் வீட்டில் ஆற்றுக் கெண்டை தவிர எதையும் தொட மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு நெத்திலி. முனையில் இருக்கும் பட்டுத்தறிக்காரர் வீடு சுத்த சைவம். அவர்கள் தங்களுக்குள் பேசுகிற சௌராஷ்டிர மொழி யாருக்கும் புரியாது. அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் நீங்கள் கூவ மாட்டீர்கள். "அங்க மட்டும் நான் பேயி மாதிரி பாப்பா, காலு தரையில படக் கூடாது" என்பீர்கள்.

புரட்டாசியில் பட்டறைக்காரர் வீடு மீன் வாங்காது. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு மறுபடியும் நிறுத்திவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எங்கள் வீடு வாங்காது. நோன்பு மாதத்தில் பாய் வீட்டில் சாயங்காலத்துக்கு மேல் வரச் சொல்வார்கள். இத்தனையையும் நீங்கள் மனசிலேயே வைத்திருந்தீர்கள். "ஒரு சாமி கதவச் சாத்துனா இன்னொரு சாமி தொறந்து வுடுது. இந்தத் தெருவுல நான் பட்டினி கெடக்கவே முடியாது" என்று சிரித்தீர்கள்.

நீங்கள்தான் நம் தெருவுக்குக் கடைசியாக வந்தவர். நாகூருக்குத் தெற்கே உங்கள் குப்பத்தைச் சுற்றி இறால் பண்ணைகள் வந்து, குடிக்கிற கிணறு உப்பாகிப் போன பிறகு, மகனோடு வந்து குழாயடிப் பக்கத்தில் குடியேறினீர்கள். மாமா அதற்கு முன்பே கடலில் போய்விட்டிருந்தார். நான் முதலில் உங்களை மீன்காரம்மா என்றுதான் கூப்பிட்டேன். "அத்தைன்னு கூப்புடேன், வாயா நோவும்?" என்றீர்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் கேக் தட்டோடு வீடு வீடாகப் போனபோது, எங்கள் தெருவில் நோன்புக் கஞ்சியும் சர்க்கரைப் பொங்கலும் கேக்கும் எல்லா வீட்டுக்கும் போகும் என்று பெருமையாகச் சொன்னேன். பட்டுத்தறி வீட்டில்கூட முட்டை போடாத கேக் என்றால் வாங்கிக்கொள்வார்கள் என்றும் சொன்னேன். நீங்கள் கத்தியைத் தேய்த்துக்கொண்டே, "எல்லாம் உள்ள போவுது. மீனும் உள்ளதான் போவுது. மீன் விக்கிறவதான் வாசல்லயே நிக்கிறா" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எங்கேருந்தோ வந்தவங்கதான் பாப்பா. நான் கொஞ்சம் பிந்திட்டேன், அவ்வளவுதான்" என்று நீங்களே என்னைத் தேற்றினீர்கள்.

எங்கள் வீட்டுக்கு போன் வந்த வருடம் தெருவே மாறிப்போனது. பாய் வீட்டு மாப்பிள்ளை சிங்கப்பூர் போனார், பட்டறைக்காரர் தம்பி துபாய் போனார். எல்லாரும் எங்கள் நம்பரைக் கொடுத்து, பக்கத்து வீட்டு போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் பி.பி. என்று எழுதிக்கொண்டார்கள். யாராவது கூப்பிட்டால் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். அதற்குள் ஓடிப் போய் ஆளைக் கூட்டி வருவது என் வேலை. பட்டறையில் சுத்தியல் சத்தத்தில் என் குரல் கேட்காது. காதில் கை வைத்துக் காட்டினாலே போதும், அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார். அந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கும். பெரியவர்கள் எல்லாரும் என் பின்னால் ஓடி வருவார்கள்.

நீங்கள் இரண்டு தடவைதான் உள்ளே வந்து போன் பேசியிருக்கிறீர்கள். உங்கள் தங்கச்சி கூப்பிட்டார். இரண்டு தடவையும் ரிசீவரைக் காதில் ஒட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டீர்கள். இரண்டு தடவையும் டெட்டால். இரண்டாவது தடவை அம்மா துடைப்பதை நீங்கள் வாசலிலிருந்து பார்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் உங்களிடம் சொல்லாமல் துபாய் போனது. கடல் தாண்டிப் போகக் கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, விமானம் ஏறிய பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு நீங்கள் குழாயடியில் நின்று, தண்ணீர் பிடிக்க வந்த எல்லாரும் கேட்க, "இனிமே எனக்குப் புள்ளையே கெடையாது" என்று கத்தினீர்கள். தெரு முழுக்க அதை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனது. துபாயில் இருந்த பட்டறைக்காரர் தம்பி வழியாக அண்ணன் காது வரைக்கும் அது போயிருக்கிறது.

ஆனால் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் வெள்ளிக்கிழமைதான் லீவு என்று யாரோ சொன்னதிலிருந்து, வெள்ளிக்கிழமை தோறும் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் படியில் வந்து உட்கார்ந்தீர்கள். "போன் ஏதும் வந்துச்சா பாப்பா?" அவ்வளவுதான் கேட்பீர்கள். யாரிடமிருந்து என்று சொல்ல மாட்டீர்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அரையாண்டு லீவில் ஒரு வெள்ளிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் சர்ச்சுக்கு அலங்கார வேலைக்குப் போயிருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் கண்காட்சிக்கு சார்ட் எழுத வந்திருந்தார்கள். ஹவுசிங் போர்டு காலனியில் இருப்பவர்கள், நம் தெருவுக்கு அதுதான் முதல் தடவை. வந்ததும் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏய், உங்க தெருவே மீன் மார்க்கெட் மாதிரி நாறுதுடி. நீயும் இதத்தான் பூசிக்கிட்டு ஸ்கூலுக்கு வர்றியா?" என்றாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அண்ணன்தான். "பாப்பா, எங்க அம்மாவக் கொஞ்சம் கூப்புடும்மா. பத்து நிமிஷத்துல பண்றேன்" என்றார்.

நான் போகவில்லை, அத்தை. கதவு வரைக்கும் போய் நின்றேன். நீங்கள் ஈரப் புடவையோடு ஓடி வந்து, அந்தச் சார்ட்டுகளைத் தாண்டி, அவர்கள் நடுவில் நின்று அழுதால் அவர்கள் ஸ்கூல் திறந்ததும் என்ன சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து தலைப்புக்கு வண்ணம் அடித்தேன். பத்து நிமிஷமும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

மறுபடி போன் வந்தது. "வீடு பூட்டியிருக்கு. அத்தை அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன். அதே நேரத்தில் நீங்கள் எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்துவிட்டீர்கள். "மீனோய்" என்று கூவினீர்கள். நான் ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தினேன். கையை எடுத்தபோது அவர், "சரிம்மா" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நீங்கள் படிக்கு வந்தீர்கள். உள்ளே புதுப் பிள்ளைகள் இருப்பதைப் பார்த்து, உட்காராமல் தள்ளி நின்றபடியே, "வந்துச்சா பாப்பா?" என்றீர்கள்.

"வரலை அத்தை."

அன்றைக்கு அது பொய் என்றுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுவார், அப்போது ஓடி வந்து சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்கள் கேட்டீர்கள், நான் வரலை என்றேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்த முதல் பொய்யின் மேல்தான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். எந்தப் பாவம் என்று யாரும் தனியாகக் கேட்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

மாசியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது பாய்தான். பட்டறைக்காரர் வீட்டம்மா இரண்டு ராத்திரி கூட இருந்தார். உங்களை வெள்ளைத் துணி போர்த்தித் திருப்பிக் கொண்டுவந்த அன்று பட்டறையில் சுத்தியல் எடுக்கவில்லை. பட்டுத்தறி வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை வந்தது. வாசலிலேயே நின்ற உங்களுக்காக எல்லா வீடும் வாசலுக்கு வந்தது. அண்ணனுக்குச் சேதி போய், கம்பெனி லீவு கொடுத்து, அவர் வந்து சேர இத்தனை நாளாகிவிட்டது.

இன்றைக்கு போன் பேசி முடித்தபின் அவர் உடனே போகவில்லை. அம்மா காபி கலக்க உள்ளே போனபோது என்னிடம் கேட்டார்.

"பாப்பா, டிசம்பர்ல நான் பண்ணப்ப எடுத்தது நீதானே?"

"தெரியலண்ணே. நெறய போன் வரும்."

"நீதான். கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு. அம்மா பக்கத்துலதான் இருந்துச்சு, இல்ல? கூவுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. என்கூடப் பேச மாட்டேன், ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லிருன்னு அதுதானே உன்கிட்ட சொல்லுச்சு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். "அதான் அப்புறம் நான் பண்ணவே இல்ல. அதுக்குக் கோவம் ஆறட்டும்னு இருந்தேன். ஆறாமயே போயிடுச்சு" என்றார். அம்மா காபி கொண்டு வந்தார். அண்ணன் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே குழாயில் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நான் இவ்வளவு நாளும் உங்களிடமிருந்து ஒரு போனைத்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். இன்றைக்குத்தான் தெரிந்தது, என் பொய்யை நீங்கள் சொன்னதாக அவர் வைத்திருக்கிறார். நாளைக்கு அதை அவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு போகப் போகிறார். உங்களால் வந்து இல்லையென்று சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

காய்ச்சல் வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, நீங்கள் போன் வந்துச்சா என்று கேட்கவில்லை. எழுந்து கூடையைத் தூக்கும்போது சொன்னீர்கள். "நான் ரவுண்டு போயிருக்கறப்ப அவன் பண்ணான்னா ஒண்ணு சொல்லிடு பாப்பா. அம்மா திட்டாதுன்னு சொல்லு. மொதல்ல கொஞ்சம் அழுவும், அப்பறம் சோறு தின்னியாடான்னுதான் கேக்கும்னு சொல்லு." நான் சரி அத்தை என்றேன். தெருவில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சேதி ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறேன். இது ஒன்றுதான் சொல்லாமல் என்னிடம் தங்கிவிட்டது.

அம்மா பால் வாங்க எழுந்து கதவைத் திறக்கும்போது நானும் போகப் போகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெருவில் யாரும் இனி என்னை நம்பிப் பின்னால் ஓடி வர மாட்டார்கள் என்பதும் தெரியும்.

ஒன்று மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன். உங்கள் சேதியை முதலில் சொன்னால் அண்ணன் அழுவார், என் தலையைத் தொட்டு நல்ல பிள்ளை என்பார், நான் அதோடு நின்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் என்னுடையதை முதலில் சொல்லப் போகிறேன். அவர் கத்தி முடித்த பிறகு உங்களுடையதைச் சொல்கிறேன், அத்தை.