வெயிலில் வைத்த சோறு

ஆனைக்குட்டம்,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, அண்ணன், நான் எல்லோரும் சுகம். கடிதம் என்றால் எழுதியாக வேண்டுமே என்று எழுதுகிற சுகம் இல்லை தாயி, இது டாக்டர் பார்த்துச் சொன்ன சுகம். மதுரையில் உன் அப்பாவுக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றிலிருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்களே, அதன் ரிசல்ட் வந்துவிட்டது. ஒன்றும் இல்லை. உன் பெரியப்பா சுந்தரபாண்டியைக் கொண்டுபோன அந்த நோய் உன் அப்பாவுக்கு இல்லை. இல்லை என்று எழுத எழுத எனக்கு நன்றாக இருக்கிறது, அதனால் இன்னொரு தடவையும் எழுதுகிறேன், இல்லை. நேற்று உன் அண்ணன் அழகுராஜா போனில் விவரம் எல்லாம் சொன்னதும் நீ அழுதுகொண்டே வைத்துவிட்டாய், அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை, எல்லாம் என்னாலதான் என்று ஒரு மெசேஜ் மட்டும் போட்டிருக்கிறாய். அதைப் பற்றி உன்னோடு தனியாகப் பேசலாம் என்றால் நான் போனைக் கையில் எடுத்ததுமே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நம் தெரு விக்னேஷ்குமார் லீவு முடிந்து நாளை மறுநாள் ஜெர்மனிக்குக் கிளம்புகிறான், உனக்குப் பருப்புப்பொடி கொடுத்துவிடுகிறேன், அந்தப் பைக்குள்ளேயே இந்தக் கடிதமும் இருக்கும்.

நடந்ததை நான் முதலிலிருந்து சொல்கிறேன், உன் அண்ணன் சொன்னால் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்லுவான். விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் உன் அப்பா ஃபோர்மேனாக இருந்து என்ன பயன், சோறு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். கேட்டுக்குள் தீ ஆகாது, அடுப்பு ஆகாது, கரண்டில் சூடு பண்ணுகிற எதுவும் ஆகாது. விடிவதற்குள் நான் பொங்கிக் கட்டிக் கொடுத்ததை மத்தியானம் ஆறிப்போய்த்தான் தின்பார்கள், அவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான் தின்றுகொண்டிருக்கிறார். சித்திரையில் நீ ஒரு வீடியோ அனுப்பினாய். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், ஆறின சோறு தின்றால் வயிற்றுக்குள் எண்ணெய் கட்டியாக உறைந்துவிடும், செரிமானம் அணைந்துவிடும், கடைசியில் கேன்சரில் கொண்டுபோய் விடும் என்று கண்ணை உருட்டிப் பேசினார். நீயும் உடனே போன் போட்டு, இனிமே ஆறின சோறு திங்கவே கூடாதுப்பா என்று அவரிடம் சத்தியம் வாங்கினாய். பெரியப்பாவை நினைத்துத்தான் வாங்கினாய் என்று எனக்குத் தெரியாதா. நான் சொல்லி எதையும் கேட்காத மனுஷர், இதையும் மறந்துவிடுவார் என்று நான் அதோடு விட்டுவிட்டேன்.

ஆனி பிறந்ததும் வயிறு படுத்த ஆரம்பித்தது. சாயங்காலம் கம்பெனி வேனை விட்டு இறங்கும்போதே முகம் செத்துப்போய் இருக்கும், கேட்டால் சீசன் நேரம், லோடு அதிகம் என்பார். இராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று தள்ளினார். வேட்டிக்கு மேல் கட்டுகிற பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் வாந்தி எடுப்பதை நான் ஒரு நாள் பார்த்துவிட்டேன். உன் பெரியப்பாவும் இப்படித்தானே சாப்பாடு இறங்கவில்லை என்று ஆரம்பித்தார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டுதான் மதுரைக்கு பஸ் ஏறினேன். ரிசல்ட் வருகிற வரைக்கும் நான் அவரிடம் ஒரு சண்டைகூடப் போடவில்லை என்றால் பார்த்துக்கொள், அதிலேயே அவருக்குப் பயம் வந்துவிட்டது.

ரிசல்டை எடுத்துக்கொண்டு புதன்கிழமை விருதுநகரில் டாக்டர் மஹ்ரீனைப் பார்க்கப் போனோம். சின்ன வயசுப் பெண்தான், ஆனால் பொறுமை அதிகம். கெட்டது ஒன்றும் இல்லை, இரைப்பையில் லேசான புண் மட்டும்தான் என்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அவர் அதோடு விடாமல், புண் ஆறிவிடும், ஆனால் தினமும் சாயங்காலம் மட்டும் எதற்காக வயிறு கலக்குகிறது என்று யோசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை எங்கே வைத்திருப்பீர்கள் என்று கேட்டார். உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, நாங்கெல்லாம் ஆறின சோறே திங்கிறதில்லைங்கம்மா, காலையில போனதும் டப்பாவத் தூக்கி சைக்கிள் நிப்பாட்டுற செட்டுத் தகரத்து மேல வெயில்ல வச்சிருவேன், மத்தியானம் எடுத்தா கை சுடும், என்று பெருமையாகச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கம்பெனிக்குள் நடக்கிறது எனக்கு என்ன தெரியும். டப்பா கழுவித் திரும்பி வரும், நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயிலில் வைத்தால் சோறு கெட்டுப்போகும் என்று தெரியாதா என்று டாக்டர் கேட்டால், இவர் வெடிக்காரர் புத்தியில் பதில் சொல்கிறார். வெயில்ல இருந்தா எப்பிடிங்கம்மா கெடும், வெடிய எம்புட்டுக்குக் காயப்போடுறமோ அம்புட்டுக்கு நல்லாருக்கும், ஈரம் பட்டாத்தான கெடும் என்கிறார். வாழ்நாள் பூராவும் மழையைப் பார்த்துப் பயந்து வெயிலைக் கும்பிட்டுப் பிழைத்தவருக்கு வெயில் ஒரு கெடுதல் செய்யும் என்று தோன்றவே இல்லை. டாக்டர் சிரித்துவிட்டு, வெடி வேற சோறு வேறங்கய்யா என்று ஆரம்பித்து நிதானமாகச் சொன்னார். ஆறின சோறு உள்ளே போனதும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுமாம், எண்ணெய் கட்டியாவது, செரிமானம் அணைவது எல்லாம் கட்டுக்கதையாம். ஐஸ் மாதிரிச் சில்லென்று தின்றால் சிலருக்குக் கொஞ்சம் வயிறு பிடிக்கும், கூச்சப் பல் இருந்தால் கூசும், அவ்வளவுதானாம். நன்றாகக் கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் தொல்லை இல்லை, நன்றாகக் குளிர்ந்து இருந்தாலும் தொல்லை இல்லை, ரெண்டுங்கெட்டான் வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடக்கிற சோற்றில்தான் கிருமி பெருகுமாம். பெருகின பிறகு சுட வைத்தாலும் அதன் விஷம் போகாதாம். அப்படியென்றால் பழைய கஞ்சி என்று நான் கேட்டேன், ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்துவிடுவதுதானே, தாராளமாகக் குடிங்க, வாடை மாறினால் மட்டும் தொடாதீங்க என்றார். எனக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அதனால் கரண்டில் சூடாகிற டப்பா ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, அதை அனுப்பாதே. வந்தால் உன் அப்பாவே கேட்டில் நின்று பறித்து வைப்பார். ஃபேன் காற்றில் ஆறவிட்டுக் கட்டிக் கொடுக்கிறேன், நிழலில் வைத்துப் பொழுதோடு சாப்பிடட்டும். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பொங்கின சோற்றை அடுப்பு மேலேயே ராத்திரி வரைக்கும் போட்டு வைக்காதே, சூடு தணிந்ததும் பிரிட்ஜில் வை. அங்கே ராத்திரிக்கு அந்த ஊர்க்காரர்கள் அடுப்பே மூட்டாமல் ரொட்டியும் சீஸும்தான் தின்கிறார்கள் என்று சொல்வாயே, நீ அனுப்புகிற போட்டோவில் எல்லோரும் திடமாகத்தான் இருக்கிறார்கள்.

இனி சொல்லப்போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டார், ஆனாலும் சொல்கிறேன். விருதுநகரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் வைத்து, ஏங்க, டப்பாவத் தொறக்கும்போது வாடை தெரியலையா என்று கேட்டேன். தெரிஞ்சுச்சு, புளிச்ச வாடைதான் அடிச்சுச்சு என்றார். பொறவு எதுக்குத் தின்னீக என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பாப்பா அம்புட்டுத் தூரத்துல இருந்து நம்ம வயித்தப் பத்தி ரோசிச்சுச் சொல்லிருக்கு, அது சொன்னதக் கேட்டுத்தான் ஒடம்பு கெட்டுச்சுன்னு தெரிஞ்சா, இனிமே நம்மகிட்ட ஏதாவது சொல்லுமா, என்று கேட்டார். எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது. வெயிலில் எப்படிக் கெடும் என்று டாக்டரிடம் வாதாடினவர், கெட்டுப்போனது என்று தெரிந்தே தின்றிருக்கிறார் மனுஷர்.

நீ உன்னைக் குறை சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. நீ வெயிலில் வைக்கச் சொல்லவில்லை, அது அவர் மூளையில் உதித்த யோசனை, அதற்கு வீட்டில் வைத்து வேண்டிய அளவு திட்டிவிட்டேன். ஆனால் நேற்றிலிருந்து நீ போன் எடுக்கவில்லை பார், அவர் எதற்குப் பயந்து அந்தச் சோற்றைத் தின்றாரோ அதையே நீ இப்போது செய்துகொண்டிருக்கிறாய். நேற்று அழகுராஜா உனக்குப் போனில் ரிசல்டைச் சொன்னபோது உன் அப்பா சந்தோஷப்படாமல், பாப்பா என்ன சொல்லுச்சு, பாப்பா ஏன் வச்சிருச்சு என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். இன்று டப்பாவை நிழலில்தான் வைத்தாராம், ஆனால் பாதிச் சோறு திரும்பி வந்துவிட்டது. டாக்டர் சொல்லியாயிற்று, நானும் சொல்லியாயிற்று, இனி எங்கள் வாயில் என்ன இருக்கிறது.

மாரியம்மன் துணையிருந்து உன்னைக் காப்பாற்றட்டும், உடம்பும் மனசும் ஒரு குறையில்லாமல் நன்றாக இரு. இதைப் படித்ததும் அழுகையைத் துடைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போடு, என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்கே போடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே. ஆறின சோறே சாப்பிடுங்கப்பா, மிச்சம் வைக்காமச் சாப்பிடுங்க என்று எப்போதும் போல அதட்டு. நீ சொன்னால்தான் அவருக்குத் தொண்டையில் இறங்கும்.

உன் அம்மா,
கோ. அருணாதேவி